பன்னிரண்டு கட்டத்தைக் கிழித்துப் போடுங்கள்

பதிவு நீளம். வேலைக்கு நடுவில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள். பாதியில் கைகூப்பும் படம் போட்டுவிட்டு மட்டும் ஓடாதீர்கள், எனக்குத் தெரிந்துவிடும்.

மூன்று நாட்களாக நம் பழைய மாணவர்கள் குழுவிலும் எங்கள் குடும்பக் குழுவிலும் ஒரே படம் சுற்றிக்கொண்டிருக்கிறது. நீலமும் மஞ்சளுமாகப் பன்னிரண்டு கட்டம். மேலே பிரசென்ட், பாஸ்ட், ஃப்யூச்சர். பக்கத்தில் சிம்பிள், கன்டின்யூவஸ், பெர்ஃபெக்ட், பெர்ஃபெக்ட் கன்டின்யூவஸ். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் ஆங்கில வாக்கியம், அதன் கீழே தமிழ். 'பன்னிரண்டு டென்ஸ், பன்னிரண்டு நாள், மனப்பாடம் செய்தால் ஆங்கிலம் உங்கள் கையில்' என்று அடியில் ஒரு வரி. ஆளாளுக்கு அதைப் பாராட்டியிருக்கிறீர்கள். 'டீச்சர், சூப்பரா இருக்கில்ல, என் பையன் ரூம்ல ஒட்டிட்டேன்' என்று ஒருவன் எழுதியிருக்கிறான்.

கிழித்துவிடப்பா. சூப்பராக இல்லை. அந்தப் படத்தில் ஆங்கில வாக்கியங்கள் சரி, தமிழ் வாக்கியங்களும் சரி. இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்து 'இதற்கு இது' என்று சொல்வதுதான் பொய். அந்தப் பொய்யை நம்பித்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் பத்து வருஷம் பள்ளியில் டென்ஸ் படித்த பிறகும் 'எனக்கு இங்கிலீஷ் வராது' என்று தலைகுனிந்து நிற்கிறார்கள். எனக்குக் கோபம் அதனால்தான்.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். எம்.ஏ. ஆங்கிலம் முடித்தவர்கள் நம் குழுவில் நான்கைந்து பேர் இருக்கிறீர்கள். எனக்கு இருப்பது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும். ஆனால் தமிழ் பேசும் பிள்ளையின் வாயில் ஆங்கில வினைச்சொல் எந்த இடத்தில் சிக்குகிறது என்பதை முப்பது வருஷத்துக்கு மேல் எதிரில் நின்று பார்த்தவள் நான். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

என்னிடம் ஆறாம் வகுப்பு படித்த ஒரு பெண். பெயர் வேண்டாம். வீட்டில் இரண்டு தறி. டிகிரி முடித்து, ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் பணம் கட்டி, இதே பன்னிரண்டு கட்டத்தைத் தலைகீழாக ஒப்பிக்கும் அளவுக்குத் தேறி, ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்குப் போனாள். குடும்பத்தைப் பற்றிச் சொல் என்றார்களாம். அவள் மனசில் ஓடிய தமிழ் இது: அப்பா பட்டு நெய்வார், அம்மா தார் சுற்றுவார். எவ்வளவு அழகான தமிழ். அதைக் கட்டத்தில் தேடினாள். 'வார்' என்று முடிந்தால் ஃப்யூச்சர், ஃப்யூச்சர் என்றால் வில். 'மை ஃபாதர் வில் வீவ் சில்க் சாரீஸ்' என்றாள். எதிரில் இருந்தவர், 'வில்? எப்போதிலிருந்து நெய்யப் போகிறார்?' என்று கேட்க, பக்கத்தில் இருந்தவர் சிரித்தாராம். அதற்குப் பிறகு அவள் வாய் திறக்கவில்லை. வேலையும் கிடைக்கவில்லை.

என்னிடம் வந்து, 'டீச்சர், சார்ட்ல இருக்கறதத்தானே சொன்னேன், எங்க தப்பு?' என்று கேட்டாள். அவள் பக்கம் ஒரு தப்பும் இல்லை. கட்டம் சொன்னதை ஒழுங்காகச் செய்தாள். கட்டம்தான் அவளைக் கவிழ்த்தது.

எப்படி என்று பார்ப்போம். கொஞ்சம் இலக்கணம். பயப்படாதீர்கள், உங்கள் வாயில் தினமும் இருப்பதுதான்.

'எங்கப்பா தினமும் அஞ்சு மணிக்கு எழுந்திருப்பார், காபி குடிப்பார், தறியில உக்காருவார்.' இதில் எதிர்காலம் எங்கே இருக்கிறது? நேற்றும் செய்தார், இன்றும் செய்தார், நாளையும் செய்வார். இது வழக்கம். தமிழில் எதிர்கால வடிவம் என்று நாம் பெயர் வைத்திருப்பதற்கு இரண்டு வேலை: நாளைக்கு நடக்கப்போவதையும் சொல்லும், வழக்கத்தையும் சொல்லும். 'சூரியன் கிழக்கே உதிக்கும்' என்றால் நாளை முதல் உதிக்கும் என்றா அர்த்தம்? ஆங்கிலத்தில் இந்த வழக்கத்துக்குத்தான் சிம்பிள் பிரசென்ட். 'மை ஃபாதர் வீவ்ஸ்', 'த சன் ரைசஸ்'. ஆனால் படத்தில் சிம்பிள் பிரசென்ட்டின் கீழே என்ன எழுதியிருக்கிறது? 'நெய்கிறார்'. 

சரி, நெய்கிறார் என்பதாவது பொருந்துகிறதா? அதற்கும் இரண்டு வேலை. 'அப்பா என்ன பண்றார்?' என்று பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டால் 'தறி நெய்றார்' என்கிறோம். அது தொழில், ஆங்கிலத்தில் 'வீவ்ஸ்'. ஃபோனில் பெரியப்பா 'அப்பா என்னடா பண்றார்?' என்று கேட்டாலும் 'நெய்றார்' என்கிறோம். அது இந்த நிமிஷம் நடப்பது, ஆங்கிலத்தில் 'ஈஸ் வீவிங்'. தமிழில் ஒரே சொல், கேள்வி கேட்டவரையும் இடத்தையும் வைத்து அர்த்தம் தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் இரண்டு சொல். ஆக, தமிழின் 'நெய்வார்' ஆங்கிலத்தில் இரண்டு இடத்துக்குப் போகிறது, 'நெய்கிறார்' இரண்டு இடத்துக்குப் போகிறது, ஆங்கிலத்தின் 'வீவ்ஸ்' தமிழில் இரண்டு இடத்திலிருந்து வருகிறது. இதை எப்படி ஐயா ஒரு கட்டத்துக்கு ஒரு கட்டம் என்று அடைப்பது?

இதைவிட வேடிக்கை ஒன்று. 'எனக்குத் தெரியும்', 'எனக்குப் பிடிக்கும்', 'எனக்கு வேணும்', 'போதும்', 'முடியும்'. எல்லாம் 'உம்' விகுதி, வடிவத்தில் உதிக்கும், வரும் போன்றவைதான். அந்தப் படத்தின் கணக்குப்படி 'எனக்குத் தெரியும்' என்பதற்கு 'ஐ வில் நோ' என்று சொல்ல வேண்டும். எந்தப் பிள்ளையாவது சொல்கிறதா? 'ஐ நோ' என்று ஒன்றாம் வகுப்புக் குழந்தை சொல்கிறது. ஏன்? அதைக் கட்டம் பார்த்துக் கற்கவில்லை. யாரோ 'டூ யூ நோ?' என்று கேட்டார்கள், அது 'ஐ நோ' என்றது, முடிந்தது. கட்டம் எட்டிப்பார்க்காத இடத்தில் பிள்ளை சரியாகப் பேசுகிறது. கட்டம் நுழைந்த இடத்தில் 'ஐ ஆம் நோயிங்' என்கிறது, 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்கிறது. இப்போது இருப்பதெல்லாம் 'இங்' என்று அது கற்றுக்கொண்டுவிட்டது.

கட்டத்தின் அடிப்படைத் தவறு, டென்ஸும் காலமும் ஒன்று என்று நினைப்பது. டென்ஸ் என்பது வினைச்சொல்லின் வடிவம். காலம் என்பது கடிகாரத்தில் ஓடுவது. இரண்டும் பல நேரம் கைகோத்துப் போகும், சில நேரம் பிரிந்து போகும். இதைக் கண்டுபிடிக்க வெள்ளைக்காரன் வர வேண்டியதில்லை. நம் இலக்கணத்தில் கால வழுவமைதி என்று தனியாகவே பேசியிருக்கிறார்கள். தொல்காப்பியத்திலும் உண்டு, நன்னூலிலும் உண்டு. சாப்பிடக் கூப்பிடுகிறாள் அம்மா. பிள்ளை டிவி முன்னால் அசையாமல் உட்கார்ந்தபடி 'இதோ வந்துட்டேம்மா' என்கிறது. வந்துவிட்டதா? எழுந்திருக்கவே இல்லை. விரைவைக் காட்ட, வரப்போவதை வந்ததாகச் சொல்லலாம் என்று அந்தக் காலத்திலேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள். ஆங்கிலப் பிள்ளை அதே இடத்தில் 'ஐ ஆம் கமிங்' என்கிறது. அதுவும்தான் வரவில்லை! இங்கே இறந்தகாலம், அங்கே நிகழ்காலம், இரண்டு அம்மாக்களுக்கும் சோறு ஆறுகிறது.

இன்னொன்று. 'மழை பெய்தால் பாவு நனையும்.' பெய்தால் என்பதில் உள்ள 'த்' எந்தக் காலத்து இடைநிலை? நன்னூல் படித்தவர்கள் சொல்லுங்கள். த், ட், ற், இன் நான்கும் இறந்தகாலம். மழை இன்னும் பெய்யவில்லை, ஆனாலும் வந்தால், போனால், படித்தால் எல்லாம் இறந்தகாலத் தண்டின் மேல் நிற்கின்றன. ஆங்கிலத்தில் 'இஃப் ஐ ஹேட் மணி, ஐ வுட் பை எ லூம்' என்று வரும்போது, 'டீச்சர், பணம் இப்பத்தானே இல்ல, ஏன் ஹேட்?' என்று பிள்ளைகள் விழிப்பார்கள். 'நீ "இருந்தால்" என்கிறாயே, "இருக்கிறால்" என்றா சொல்கிறாய்?' என்று கேட்டால் போதும், வகுப்பே சிரிக்கும், அந்தப் பாடம் அதோடு முடிந்தது. கற்பனையாக ஒன்றைச் சொல்லும்போது ஓரடி பின்னால் போய் நின்று சொல்வது அவர்கள் மொழியிலும் உண்டு, நம் மொழியிலும் உண்டு. இதைச் சொல்ல எந்தக் கட்டத்தில் இடமிருக்கிறது?

அடுத்து இந்த வில். நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதனால் பெரியவர்கள் சொன்னதைச் சொல்கிறேன். குவர்க் என்ற ஆங்கில இலக்கண அறிஞரும் அவருடன் மூவரும் சேர்ந்து 1985-ல் ஒரு மாபெரும் ஆங்கில இலக்கண நூல் வெளியிட்டார்கள். ஆங்கில வினைக்கு வடிவத்தில் டென்ஸ் இரண்டுதான், நிகழ்வும் இறப்பும், எதிர்காலத்துக்கு என்று தனி வடிவம் இல்லை என்பது அதன் முடிவு. டென்மார்க்கின் யெஸ்பர்சன் அதற்குப் பல பத்தாண்டு முன்னாலேயே இந்தப் பக்கம் நின்றவர். 2002-ல் ஹடில்ஸ்டனும் புல்லமும் எழுதிய கேம்பிரிட்ஜ் இலக்கணமும் அதையே சொல்கிறது. வீவ், வோவ்: இரண்டே வடிவம். வில் என்பது கேன், மே, மஸ்ட் கூட்டத்தைச் சேர்ந்த துணைவினை. எண்ணத்தைச் சொல்லும், ஊகத்தைச் சொல்லும். வாசலில் மணி அடிக்கிறது, 'தட் வில் பி த போஸ்ட்மேன்' என்கிறான் ஆங்கிலேயன். போஸ்ட்மேன் இப்போதே வாசலில் நிற்கிறார், எதிர்காலத்தில் இல்லை. நாம் என்ன சொல்வோம்? 'தபால்காரராத்தான் இருக்கும்.' பாருங்கள், நாமும் அதே எதிர்கால வடிவத்தைத்தான் ஊகத்துக்குப் போடுகிறோம்.

அப்புறம் நாளைக்கு நடப்பதை ஆங்கிலத்தில் எப்படித்தான் சொல்வது என்றால், நிறைய வழி. பஸ் நேரம் மாதிரி நிச்சயமானது என்றால் 'த பஸ் லீவ்ஸ் அட் சிக்ஸ் டுமாரோ'. ஏற்பாடு ஆகிவிட்டது என்றால் 'ஐ ஆம் கோயிங் டு வேலூர் டுமாரோ'. இப்போதுதான் முடிவெடுத்தேன் என்றால் வில். சீன மொழியில் வினைச்சொல் காலத்துக்காக வடிவமே மாறுவதில்லை. நேற்று, நாளை என்ற சொற்களை வைத்தே சமாளிக்கிறார்கள். அங்கே யாரும் ரயிலைத் தவறவிடவில்லை.

என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு நினைவிருக்கும், டென்ஸ் பாடத்துக்குக் கரும்பலகையில் நான் வரைவது ஒரு தறி. நெய்பவர் மடிப்பக்கம் துணி சுருண்டிருக்கும் கட்டை. எதிர்ப்பக்கம் நீண்டு கிடக்கும் பாவு. நடுவில் நாடா ஓடும் இடம். சுருண்டது முடிந்துபோனது, அதை மாற்ற முடியாது. நாடா ஓடும் இடம் இப்போது. எதிரில் இருப்பது சேலை இல்லை, வெறும் பாவு நூல். அது சேலையாகும் என்று நினைக்கிறோம், திட்டம் போடுகிறோம், வியாபாரியிடம் தேதி சொல்கிறோம். அதனால்தான் அங்கே வில், கோயிங் டு, மே என்று விதவிதமாகத் தேவைப்படுகிறது. நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியிருந்ததில்லை. கடை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள்தான் கொஞ்சம் முழிப்பார்கள்.

இந்தத் தறியை வைத்தே பெர்ஃபெக்டையும் முடித்துவிடலாம். படத்தில் 'ஹேஸ் வோவன்' என்பதன் கீழே 'நெய்திருக்கிறார்' என்று போட்டு விட்டுவிட்டார்கள். எப்போது அது, எப்போது வெறும் 'வோவ்' என்று சொல்லவில்லை. இது பிள்ளைகள் அதிகம் தடுமாறும் இடம், அதனால் இங்கே கொஞ்சம் உட்காருவோம்.

'இந்த மாசம் அப்பா ரெண்டு சேலை நெய்திருக்கார்.' மாசம் இன்னும் முடியவில்லை, மூன்றாவதும் வரலாம், கணக்கு திறந்திருக்கிறது. அங்கே 'ஹேஸ் வோவன்'. 'போன மாசம் மூணு சேலை நெய்தார்.' மாசம் மூடியாயிற்று, கூலியும் வாங்கியாயிற்று. அங்கே 'வோவ்'. யெஸ்டர்டே, லாஸ்ட் மந்த், 2010 என்று மூடிய காலத்தைச் சொல்லிவிட்டால் ஹேவ் பக்கத்திலேயே வராது. 'சாப்ட்டியா?' என்று கேட்டால் அர்த்தம் என்ன? எத்தனை மணிக்கு என்றா கேட்கிறோம்? இப்போது உன் வயிறு நிறைந்திருக்கிறதா, தட்டு வைக்கட்டுமா என்று கேட்கிறோம். அதனால் 'ஹேவ் யூ ஈட்டன்?'. நாம் பதில் சொல்வது 'சாப்ட்டேன்'. படத்தின்படி 'சாப்பிட்டேன்' என்றால் 'ஐ ஏட்'. ஆனால் இந்த இடத்தில் ஆங்கிலேயன் 'ஐ ஹேவ் ஈட்டன்' என்பான். மறுபடியும் கட்டம் காலை வாரிவிட்டது.

இதன் அண்ணன் இன்னொருவன் இருக்கிறான், ஹேட். 'நேத்து காஞ்சிபுரம் போயிருந்தேன்' என்று நாம் சாதாரணமாகச் சொல்வோம். போய்த் திரும்பி வந்துவிட்டேன் என்பது அதில் ஒளிந்திருக்கிறது. படத்தில் 'போயிருந்தேன்' எதிரில் 'ஐ ஹேட் கான்'. உடனே 'யெஸ்டர்டே ஐ ஹேட் கான் டு காஞ்சிபுரம்'. நம்மூர் ஆங்கிலத்தில் இது எங்கும் கேட்கிறது, அதிகாரிகள் எழுதும் கடிதத்தில்கூட. ஆங்கிலத்தில் 'ஹேட் கான்' என்றால் கேட்பவர், 'சரி, அதற்கப்புறம் என்ன நடந்தது?' என்று காத்திருப்பார். நடந்துமுடிந்த ஒன்றுக்கும் முன்னால் நடந்ததுதான் ஹேட். 'நான் வியாபாரி வீட்டுக்குப் போனேன், அவர் அதற்குள் கிளம்பியிருந்தார்.' அந்தக் கிளம்பியிருந்தாருக்கு ஹேட். நேற்றுப் போய்வந்த காஞ்சிபுரத்துக்கு வெறும் 'வென்ட்' போதும்.

எல்லாம் தமிழிலேயே இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பிரியும் இடத்தில் பிரிகிறது என்று சொல்லித்தான் ஆக வேண்டும். 'பத்து வருஷமா ஆரணியில இருக்கேன்.' தமிழில் நிகழ்காலம். ஆங்கிலம் இதற்கு 'ஐ ஹேவ் லிவ்ட்' என்கிறது. தொடங்கிய நாளையும் இன்றையும் ஒரே முடிச்சில் கட்டுகிறது. இங்கே தமிழ் கைகொடுக்காது. 'இந்த இடத்தில் அவர்கள் வழி வேறு' என்று ஒருமுறை வெளிப்படையாகச் சொன்னால் பிள்ளை ஏற்றுக்கொள்ளும். 'இதற்கு இது' என்று பொய்யாகப் பொருத்திக்காட்டினால்தான் குழம்பும்.

எங்கிருந்து வந்தது இந்தக் கட்டம்? பழைய ஐரோப்பியப் பள்ளிகளில் லத்தீன் இலக்கணம்தான் இலக்கணம். லத்தீன் வினைக்கு எதிர்கால வடிவம் தனியாக உண்டு, ஆகவே ஆங்கிலத்துக்கும் இருக்க வேண்டும் என்று இடம் ஒதுக்கி, அங்கே வில்லையும் ஷல்லையும் உட்காரவைத்தார்கள். நமக்கு அது வந்துசேர்ந்தது ரென் அண்டு மார்ட்டின் போன்ற புத்தகங்கள் வழியாக. அந்தப் புத்தகம் 1930-களில் வந்தது. முதலில் இந்தியாவில் இருந்த வெள்ளைக்கார அதிகாரிகளின் பிள்ளைகளுக்காகவே எழுதப்பட்டது. ரென், 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவல் எழுதிப் புகழ்பெற்றவர். இலக்கணம் எழுதியவர்களில் கொஞ்சம் சுவாரசியமான ஆள்தான். யோசித்துப் பாருங்கள். அந்தப் பிள்ளைகள் வீட்டில் ஆங்கிலம் பேசிக்கொண்டு வந்தவர்கள். 'வீவ்ஸ்' எப்போது, 'ஈஸ் வீவிங்' எப்போது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரிந்ததற்குப் பெயர் வைக்க மட்டும் புத்தகம் தேவைப்பட்டது. நம் பிள்ளைக்குத் தெரியாது, பெயரை மட்டும் கொடுக்கிறோம். நீச்சல் தெரிந்தவனுக்கு எழுதிய புத்தகத்தைக் கையில் கொடுத்துக் கிணற்றில் தள்ளுகிறோம்.

மாற்று வழி இல்லையா என்றால், நம் பக்கத்திலேயே முயன்று பார்த்திருக்கிறார்கள். 1950-களின் இறுதியில் சென்னை மாகாணத்தில் ஸ்ட்ரக்சுரல் முறை என்று ஒன்று கொண்டுவந்து, ஆயிரக்கணக்கான தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். வாக்கிய அமைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கித் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது. பிள்ளைகள் வகுப்பில் சொல்வார்கள், வெளியே வந்தால் வராது. அதில் அதிருப்தி அடைந்தவர்களில் ஒருவர் என்.எஸ்.பிரபு, சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்தவர். 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் கடலூரிலும் சில பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணம் விளக்குவதில்லை, அமைப்புகளை ஒப்பிக்கவைப்பதில்லை. ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, 'இத்தனை மணிக்குள் போய்ச்சேர எந்த ரயிலைப் பிடிக்க வேண்டும்?' என்று ஆங்கிலத்தில் கேட்பார்கள். வரைபடத்தைக் கொடுத்து வழி கேட்பார்கள். பிள்ளையின் கவனம் விடை கண்டுபிடிப்பதில் இருக்கும், மொழி அதன் போக்கில் உள்ளே இறங்கும் என்பது அவர் நம்பிக்கை. 1987-ல் அதைப் புத்தகமாக எழுதினார். இன்று உலகம் முழுக்க 'டாஸ்க்' வழிக் கற்பித்தல் என்று பேசுபவர்கள் பிரபுவின் பெயரைச் சொல்லாமல் தாண்டுவதில்லை. கடலூரில் நடந்தது! ஆரணியிலிருந்து எத்தனை தூரம்? நம் குழுவில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பிரபு அளவுக்கு நான் போகமாட்டேன். இலக்கணமே விளக்க வேண்டாம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. நம் பிள்ளைக்கு ஆங்கிலம் காதில் விழும் நேரம் குறைவு. அதனால் கொஞ்சம் விளக்கத்தான் வேண்டும், தமிழில் விளக்க வேண்டும், அது பேசும் தமிழிலிருந்தே விளக்க வேண்டும். ஆனால் முதலில் பிள்ளைக்குச் சொல்ல ஒரு விஷயம் இருக்க வேண்டும் என்று அவர் பிடித்தாரே, அந்தப் பிடி சரி.

இனி நீங்கள் கேட்கப்போவது தெரியும்.

'பரீட்சையில் கேட்கிறார்களே?' கேட்கிறார்கள். கோடிட்ட இடத்தில் சரியான வடிவத்தைப் போடு என்கிறார்கள். யெஸ்டர்டே என்று வாக்கியத்தில் இருந்தால் வென்ட் போடத் தெரிந்த பிள்ளை, அது எத்தனாவது கட்டம் என்று தெரியாமலே மதிப்பெண் வாங்கும். கட்டத்தின் பெயர் மட்டும் தெரிந்த பிள்ளை அங்கேயும் 'ஹேட் கான்' போட்டுவிட்டு வரும்.

'சார்ட் இல்லன்னா பெத்தவங்க நம்ப மாட்டாங்க அத்தை' என்று டியூஷன் நடத்தும் என் தம்பி மகன் நேற்று ஃபோனில் சொன்னான். அவன் சொன்னதுதான் இதில் நேர்மையான பதில். பிள்ளை ஒரு மாசத்தில் பன்னிரண்டு பெயரை ஒப்பித்தால் பணம் வசூலானதாகத் தெரிகிறது. பிள்ளை தயங்கித் தயங்கி நான்கு வாக்கியம் தன் வீட்டைப் பற்றிச் சொன்னால், 'இவ்வளவுதானா?' என்கிறார்கள். ஃப்யூச்சர் பெர்ஃபெக்ட் கன்டின்யூவஸை என் மொத்த சர்வீஸில் ஒருவரும் என்னிடம் தேவைப்பட்டுச் சொன்னதில்லை. அதற்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறார்கள் அந்தப் பன்னிரண்டு நாளில். சிம்பிள் பிரசென்ட்டுக்கும் அதே ஒரு நாள். பிள்ளை வாழ்நாள் முழுக்கப் பேசப்போவதற்கும் ஒரு நாள், பேசவே போகாததற்கும் ஒரு நாள். இது என்ன பங்கீடு?

'தப்பா பேசினாலும் புரியுதில்ல டீச்சர், எதுக்கு இவ்வளவு?' என்று ஒருத்தி கேட்டிருந்தாள். நியாயமான கேள்வி. மை ஃபாதர் வில் வீவ் என்றால் எனக்குப் புரியும், உனக்குப் புரியும். புரிந்தவர்தான் அன்றைக்குச் சிரித்தார். சிரித்தவர் மேல் எனக்கு மரியாதை இல்லை. அப்பா நெய்கிறார் என்று அந்தப் பெண் சொன்னது அவருக்கும் விளங்கத்தான் செய்தது. ஆனால் சம்பளம் கொடுக்கும் நாற்காலியில் இன்னும் கொஞ்ச காலத்துக்கு அப்படிப்பட்டவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். தறி நின்றுபோன வீடுகளிலிருந்து பிள்ளைகள் வெளியே வேலை தேடிப் போகும் ஊரில், அவர்கள் முன்னால் நம் பெண் வாயடைத்து நிற்கக் கூடாது.

அவள் இப்போது என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறாள். முதல் இரண்டு வாரம் ஆங்கிலமே இல்லை. 'உங்கப்பா என்ன செய்வார்? இப்ப என்ன செய்யறார்? இந்த வாரம் என்ன முடிச்சிருக்கார்? போன தீபாவளிக்கு என்ன நெய்தார்?' என்று தமிழில் கேட்டு, எது வழக்கம், எது நடப்பு, எது கணக்கு மூடியது என்று அவளையே பிரிக்கச் சொன்னேன். அப்புறம்தான் ஆங்கிலம். போன வாரம் தன் அப்பாவின் ஒரு நாள் வேலையைப் பற்றி நிறுத்தாமல் பேசினாள். நடுவில் இரண்டு இடத்தில் 'எஸ்' விட்டுப்போனது, நான் குறுக்கிடவில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்கு இன்னும் நான்கைந்து பேருக்கு இடமிருக்கிறது. கட்டணம் இல்லை. தறி உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை, மற்றவர்களும் வரலாம். ஒரு நோட்டு, ஒரு பேனா போதும். சார்ட் கொண்டுவந்தால் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வேன், அடுப்பு பற்றவைக்க உதவும்.